நெற்றிக்கோடு மறைகிறது, கையைக் கண்டால் நடுங்குகிறது: புது பட்ஜிக்கு என்ன ஆச்சு?

வணக்கம் தங்கச்சி. நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. மூன்று வாரத்துக்கு முன்னால் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு பச்சை பட்ஜி, அந்தச் சின்ன வளர்ப்புக்கிளி, வாங்கினீர்கள். இப்போது காலையில் பார்த்தால் கூண்டுத் தட்டு முழுக்க இறகு. தலையில் முள் முள்ளாக என்னமோ முளைத்திருக்கிறது. நெற்றியில் இருந்த கருங்கோடுகள் திட்டுத்திட்டாக மறைந்து மஞ்சள் தெரிகிறது. கையைக் கொண்டுபோனால் மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்குகிறது. இரண்டு தடவை நடு இரவில் படபடவென்று கூண்டுக்குள் அடித்துக்கொண்டது. சாயம் பூசி விற்றுவிட்டார்களா, நோயா, பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறபடி மஞ்சள் குழைத்த தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எண்ணெயை முதலில் கீழே வைத்துவிடுங்கள். மற்றதையெல்லாம் பொறுமையாகப் பார்க்கலாம், இதற்கு மட்டும் இன்றைக்கே முடிவு வேண்டும். பட்ஜி இறகுக்கு நடுவில் காற்றை அடைத்து வைத்துத்தான் உடம்புச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்கிறது. எண்ணெய் பட்டால் இறகு ஒட்டிப் பிசுபிசுத்துப் போகும், காற்று தங்காது, பறக்கவும் வராது. அதோடு பறவை நாள் முழுக்கத் தன் இறகை அலகால் கோதிக்கொண்டே இருக்கும், தடவியதெல்லாம் வயிற்றுக்குள் போய்ச் சேரும். அந்த அம்மா நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் நம் தலைக்குச் செய்வதை அதன் தலைக்குச் செய்ய முடியாது.

சாயமும் இல்லை. நெற்றிக்கோடு மறைகிறது என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. குஞ்சு பட்ஜிக்கு அலகுக்கு மேலேயே கருங்கோடுகள் ஆரம்பித்து பின்னந்தலை வரை வரி வரியாக ஓடும். மூன்று நான்கு மாத வயதில் முதல் இறகு உதிர்வு வரும். அப்போது நெற்றியில் கோடு போட்ட இறகுகள் விழுந்து, கோடே இல்லாத இறகு முளைக்கும். பச்சைப் பறவைக்கு நெற்றி மஞ்சளாகும், நீலப் பறவைக்கு வெள்ளையாகும். ஆக உங்கள் வீட்டுக்கு வந்திருப்பது ஒரு குழந்தை, அது இப்போது பெரிதாகிக்கொண்டிருக்கிறது. சந்தேகம் இருந்தால் கண்ணைப் பாருங்கள். இந்த வயதில் கண் முழுக்கக் கருமணி மாதிரி இருக்கும். இன்னும் சில மாதம் போனால் கருமணியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிய ஆரம்பிக்கும்.

மூக்குத் துளையைச் சுற்றி இருக்கும் சதையையும் பார்த்து வையுங்கள். ஊதா கலந்த இளஞ்சிவப்பாக ஒரே சீராக இருந்தால் பெரும்பாலும் ஆண், பிறகு நல்ல நீலமாக மாறும். வெளிர்நீலமாக இருந்து துளையைச் சுற்றி மட்டும் வெள்ளை வளையம் தெரிந்தால் பெண், வளர்ந்த பிறகு பழுப்பாகும். நம் ஊரில் எல்லோரும் இதை லவ் பேர்ட்ஸ் என்றே சொல்கிறார்கள். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு பறவை, உடம்பு தடித்தது, வால் குட்டை. பட்ஜியின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட வெளி. ஜான் கூல்டு என்ற பறவை ஆய்வாளர் 1840இல் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பிறகுதான் இது உலகம் முழுக்க வீட்டுப் பறவை ஆனது. எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், யாராவது வளர்ப்பு முறை சொன்னால் எந்தப் பறவைக்குச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது இறகு உதிர்வு. இறகு ஒரு தடவை முழுசாக வளர்ந்துவிட்டால் அது நம் நகம், முடி மாதிரி உயிரில்லாத பொருள். வெயில், உரசல், கோதல் எல்லாம் சேர்ந்து தேய்ந்து போகும். தேய்ந்ததைச் சரி செய்ய முடியாது, உதிர்த்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். கீழே இருந்து புது இறகு முளைத்துப் பழையதைத் தள்ளும். பறக்கும் சிறகுகளை இந்தப் பறவை கொட்டுகிற முறை எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். இடது இறக்கையில் ஒன்று விழுந்தால், கொஞ்ச நாளில் வலது இறக்கையில் அதே இடத்து இறகும் விழும். இரண்டு பக்கமும் சமமாகக் குறைவதால் பறவை சாயாமல் பறக்கும். தட்டில் கிடக்கும் நீள இறகுகளை மகளை எடுத்து வைக்கச் சொல்லுங்கள், நாலைந்து நாளில் ஜோடி சேர்வதை அவளே கண்டுபிடிப்பாள். நடு வாலின் இரண்டு நீள இறகுகள் பச்சைப் பறவைக்கும் கருநீலமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து மறுபடியும் சாயம் என்று பயந்துவிடாதீர்கள்.

குளிர் நாடுகளில் பகல் நீள்வதும் குறைவதும் பறவைக்குக் காலம் சொல்லும். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். அதனால் இங்கே ‘இந்த மாதம்தான் உதிரும்’ என்று கணக்கு வைக்க முடியாது. சில பறவை வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை பலமாகக் கொட்டும், சில பறவை சொட்டுச் சொட்டாக எப்போதும் ஒன்றிரண்டு உதிர்த்துக்கொண்டே இருக்கும். இடம் மாறுவது, இரவெல்லாம் விளக்கு எரிவது, திடீர் சூடு இவையும் தூண்டும். பலமான உதிர்வு இரண்டு மூன்று வாரம் இருக்கும், அப்புறம் முளைத்தது முழுசாக வளர இன்னும் சில வாரம் பிடிக்கும்.

தலையில் தெரியும் முள், புது இறகின் உறை. நாங்கள் முள்ளிறகு என்போம். பக்கத்தில் போய்ப் பார்த்தால், மெல்லிய வெள்ளைக் குழாய்க்குள் இறகு சுருட்டி வைத்த மாதிரி இருக்கும், நுனியில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் பிரிந்து எட்டிப் பார்க்கும். வளர வளர அந்த உறை காய்ந்து பொடிப்பொடியாக உதிரும். தட்டில் பொடுகு மாதிரி வெள்ளையாகக் கிடப்பது அதுதான். உடம்பில் இருக்கும் முள்ளைத் தன் அலகாலேயே உரித்துக்கொள்ளும். தலைக்கு அலகு எட்டாது. காட்டில் என்றால் ஜோடிப் பறவை உரித்து விடும். உங்கள் பறவைக்கு யாரும் இல்லை, அதனால்தான் தலையைக் கம்பியிலும் குச்சியிலும் தேய்க்கிறது. அதைத் தடுக்காதீர்கள். கொய்யா மரத்துக் கிளை கிடைத்தால், மருந்து அடிக்காத மரமாகப் பார்த்து, கழுவிக் காயவைத்து, கட்டைவிரல் பருமனில் ஒன்றை உட்காரும் குச்சியாகக் கட்டிவிடுங்கள். கடைக் குச்சி ஒரே வழவழப்பு. கொய்யாக்கிளையின் முண்டும் முடிச்சும் தலை சொறியவும் நல்லது, கால் ஒரே இடத்தில் அழுந்தாமல் இருக்கவும் நல்லது.

முள்ளிறகு வளரும்போது அதற்குள் இரத்தம் ஓடும். அடியில் கருநீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரிவது அந்த இரத்தம்தான். அந்த நேரத்தில் அதைத் தொட்டால் பறவைக்கு வலிக்கும். இறக்கையிலோ வாலிலோ இருக்கும் பெரிய முள்ளிறகு முறிந்தால் இரத்தம் வரும். எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். பட்ஜி வளர்க்க ஆரம்பித்த இரண்டாவது வருடம், ஒரு நீலக் குஞ்சு இப்படித்தான் உதிர்த்துக்கொண்டிருந்தது. உண்ணி இருக்குமோ என்று பயந்து, விரட்டிப் பிடித்து, இறக்கையை விரித்துப் பார்த்தேன். அது உதறியதில் ஒரு முள்ளிறகு முறிந்தது. என் உள்ளங்கையில் சொட்டுச் சொட்டாக இரத்தம். 35 கிராம் எடையுள்ள பறவையின் உடம்பில் மொத்த இரத்தமே மூன்றரை மில்லிலிட்டர் அளவுதான், ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. என் மனைவி சோளமாவு டப்பாவை எடுத்து வந்தாள். ஒரு சிட்டிகை எடுத்து முறிந்த இடத்தில் வைத்து, சுத்தமான துணியால் மெதுவாக அழுத்திப் பிடித்தோம். சில நிமிடத்தில் நின்றது. பறவை பிழைத்தது. ஆனால் அதற்கப்புறம் ஆறேழு மாதம் என் கையைக் கண்டாலே கத்தியது.

உங்கள் வீட்டில் அப்படி நடந்தால் நீங்களும் அதையே செய்யுங்கள். சோளமாவு, மெதுவான அழுத்தம், சின்ன விளக்கு, அமைதியான இடம். பத்து நிமிடத்தில் நிற்காவிட்டால் மருத்துவரிடம் ஓட வேண்டும். முறிந்த இறகை நீங்களாகப் பிடுங்காதீர்கள். துண்டில் சுற்றிப் பிடிக்கும்போது நெஞ்சை அழுத்தவே கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு விட முடியும். நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் கையிலேயே மூச்சு நின்றுவிடும்.

இன்னொன்றும் பாருங்கள்: கடையில் இறக்கையை வெட்டி விற்றிருக்கிறார்களா? வெட்டிய இறகு வெட்டியபடியேதான் இருக்கும், அது உதிர்ந்து புதிது வந்தால்தான் பறவை சரியாகப் பறக்கும். வெட்டிய இறக்கையில் முளைக்கும் முள்ளிறகுக்குப் பக்கத்தில் தாங்கிப் பிடிக்க முழு இறகு இருக்காது, தனியாக நீட்டிக்கொண்டு இருக்கும். இந்தப் பறவைகளுக்கு முறிவு அதிகம். அப்படி இருந்தால் கூண்டுக்குள் ஊஞ்சல், மணி, கண்ணாடி என்று நெருக்கி வைத்திருப்பதைக் கொஞ்ச நாளைக்குக் குறையுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இறகு கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். ஒரே நேரத்தில் இத்தனை இறகு நெய்ய வேண்டுமென்றால் அந்தச் சின்ன உடம்புக்கு எவ்வளவு வேலை என்று யோசியுங்கள். அதனால்தான் அதிகம் தூங்குகிறது, பாட்டு குறைகிறது, கோபம் வருகிறது. கடையில் விற்கும் தானியம் மட்டும் போதாது. வாரம் இரண்டு மூன்று தடவை வேகவைத்த முட்டையில் சுண்டுவிரல் நகம் அளவு எடுத்து, உதிர்த்து வையுங்கள். நம் வெயிலுக்கு ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுப்போய் வயிற்றைக் கெடுக்கும். தினமும் கீரை கொடுங்கள். முருங்கைக்கீரையை விட நல்லது எனக்குத் தெரியவில்லை. தோட்டத்து லய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு வாசலில் முருங்கை இருந்திருக்கும், இன்றைக்கும் தாமான் வேலியோரத்தில் யாராவது வைத்திருப்பார்கள், கேட்டால் ஒரு கொத்து தராமலா போவார்கள். கொத்தாகக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். சாவி (கடுகுக்கீரை வகை), கொத்தமல்லி, துருவிய கேரட்டும் நல்லது. பாசாரில் (சந்தையில்) வாங்கினால் நன்றாக ஊறவைத்துக் கழுவுங்கள், மருந்து அடித்திருப்பார்கள். கணவாய் ஓடு ஒன்று எப்போதும் கூண்டில் இருக்கட்டும், சுண்ணாம்புச் சத்துக்கு. அவகாடோ கொடுக்கவே கூடாது, அது பட்ஜிக்கு விஷம். சாக்லேட், காப்பி, தேநீர், வெங்காயம், உப்புப் போட்ட பலகாரம் எதுவும் ஆகாது. மனிதர் சாப்பிடும் வைட்டமின் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் போடச் சொல்வார்கள், போடாதீர்கள்.

தானியக் கிண்ணத்தைப் பற்றி ஒரு விஷயம், புதிதாக வளர்ப்பவர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பட்ஜி தானியத்தை உரித்துப் பருப்பை மட்டும் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே போடும். சாயங்காலம் பார்த்தால் கிண்ணம் நிறைய இருப்பது போலத் தெரியும். விரலால் கிளறினால் எல்லாம் உமி, அடியில் ஒரு மணிகூட இருக்காது. நிறைந்த கிண்ணத்துக்கு முன்னால் பட்டினி கிடந்து செத்த பட்ஜிகள் உண்டு. தினமும் காலையில் கிண்ணத்தை வெளியே கொண்டுபோய், பாட்டி முறத்தில் புடைத்தாரே, அது மாதிரி மேலாக ஊதிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். உமி இலேசு, ஒரு ஊதலில் பறந்துவிடும்.

குளிக்க விரும்பும் பறவை இது, ஆனால் கிண்ணத்தில் இறங்கப் பயப்படும். ஒரு பெரிய சாவி இலையை நனைத்துக் கூண்டின் தரையில் வைத்துப் பாருங்கள். பனி நனைந்த புல் என்று நினைத்துக்கொண்டு அதில் உருளும். முள்ளிறகின் உறை ஊறி எளிதாக உரியும், அரிப்பும் குறையும். காலை பத்து மணிக்கு முன்னால் செய்தால் வெயிலுக்குள் காய்ந்துவிடும். சாயங்கால மழை நேரத்தில் வேண்டாம்.

சரி, பயம். இதைத்தான் நீங்கள் அதிகம் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள்.

பட்ஜி காட்டில் மற்றவர்களுக்கு இரையாகும் பறவை. நூறும் ஆயிரமுமாகக் கூட்டமாக வாழும். ஒன்று பறந்தால் எல்லாம் பறக்கும், எது நிற்கிறதோ அதைப் பருந்து தூக்கும். கூட்டத்தில் இருக்கும்போது ஆயிரம் கண் காவல் காக்கிறது. உங்கள் குழந்தைப் பறவைக்கு இன்றைக்கு இருப்பது தன் இரண்டு கண் மட்டும். போதாக்குறைக்கு கடை, பெட்டி, கார், புது வீடு, புது முகம் என்று ஒரே நாளில் எல்லாம் மாறியது. அதற்கு மேல் இறகு உதிர்கிறது, உடம்பு கூசுகிறது, பறக்கும் பலம் குறைந்திருக்கிறது. தப்பிக்க முடியாது என்று தெரிந்த பறவை அதிகம் பயப்படும். இரண்டும் ஒரே சமயத்தில் வந்ததால் உங்களுக்கு நோய் மாதிரித் தெரிகிறது.

பயத்தின் முகத்தைப் பார்த்துப் பழகுங்கள். பயந்த பட்ஜி இறகை உடம்போடு ஒட்டி, பென்சில் மாதிரி ஒல்லியாகி, கழுத்தை நீட்டி, அசையாமல் நிற்கும். கண் விரிந்திருக்கும். மூச்சு வேகமாகப் போகும், நீங்கள் விலகிய கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். நிம்மதியான பட்ஜி இறகைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு காலைத் தூக்கி வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, அலகை ‘கர் கர்’ என்று அரைக்கும். தூங்கப் போகும் முன் அந்தச் சத்தம் கேட்டால் அன்றைய நாள் அதற்கு நன்றாகப் போனது என்று வைத்துக்கொள்ளலாம். கோதிக்கொள்வது, உடம்பை ஒரு உதறு உதறுவது, ஒரு பக்கத்து இறக்கையையும் காலையும் சேர்த்து நீட்டிச் சோம்பல் முறிப்பது எல்லாம் நல்ல அடையாளம்.

கூண்டை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஹாலில், உங்கள் நெஞ்சு உயரத்துக்கு, ஒரு பக்கமாவது சுவரோடு ஒட்டி இருக்கட்டும். நடுக்கூடத்தில் நான்கு பக்கமும் திறந்திருந்தால் அதற்கு முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்ற பயம் ஓயாது. தரையில் வைத்தால் பூனை, எலி. முன் திண்ணையில் தொங்கவிட்டால் காற்றோட்டம் நல்லதுதான், ஆனால் நம் பக்கம் காகமும் பருந்தும் பூனையும் குறைவில்லை, செம்பனைத் தோட்டத்து ஓரத்து வீடென்றால் குரங்கும் வரும். என் நண்பர் ஒருவர் வீட்டில் கூண்டுக் கதவைக் குரங்கு திறந்தே விட்டது. தகரக் கூரைக்குக் கீழே மதிய வெயிலில் வைக்காதீர்கள். இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, தண்ணீர் வைத்து, இறகில் தண்ணீரைப் பொடித் தூறலாகத் தெளியுங்கள்.

கை விஷயத்தில், மகளுக்கு ஆசை இருக்கும், புரிகிறது. ஆனாலும் இந்த உதிர்வு குறையும் வரை கூண்டுக்குள் கை போக வேண்டாம், சாப்பாடு தண்ணீர் மாற்றுவதற்கு மட்டும் போகட்டும். அந்தக் கையும் மேலேயிருந்து இறங்கக் கூடாது. மேலே இருந்து வருவது அதற்குப் பருந்து. கீழிருந்து, பக்கவாட்டில், அது பார்க்கும்படி மெதுவாகக் கொண்டுபோங்கள். மகளைப் பள்ளிவிட்டு வந்ததும் கூண்டிலிருந்து இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து, பாடப்புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தமிழ்ப் பாடமோ பஹாசா பாடமோ, அதற்கு எல்லாம் ஒன்றுதான். நேராகக் கண்ணுக்குள் உற்றுப் பார்க்க வேண்டாம், வேட்டையாடும் பிராணிதான் அப்படி உற்றுப் பார்க்கும். நாலைந்து நாளில் அவள் குரல் கேட்டாலும் பறவை பென்சில் மாதிரி ஒல்லியாகாது. அப்புறம் நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே போடலாம். அப்புறம் தினைக்கதிர் ஒன்றைக் கம்பிக்கு வெளியிலிருந்து நீட்டலாம். பறவை எந்த நாளில் தானாக வந்து கொத்துகிறதோ, அந்த நாளில்தான் கதிரைக் கைக்குள் பிடித்து உள்ளே கொண்டுபோக வேண்டும். எனக்கு சில பறவை பத்து நாளில் விரலில் ஏறியது, ஒரு மஞ்சள் பெண் பறவைக்கு ஐந்து மாதம் ஆனது. அந்த மஞ்சள்தான் கடைசி வரைக்கும் என் தோளை விட்டு இறங்காமல் இருந்தது.

ஒரு தடவைகூட விரட்டிப் பிடிக்காதீர்கள். பிடித்துத் தடவினால் பழகிவிடும் என்று சொல்பவர்கள் நிறைய. அந்தப் பறவை பழகாது, தப்பிக்க முடியாது என்று தெரிந்து அடங்கிப் போகும், அவ்வளவுதான். அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சாது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

இரவுப் படபடப்புக்குக் காரணம் இருட்டில் திடீரென்று ஏதோ அசைவதுதான். சுவரில் பல்லி ஓடினால் போதும். ஜன்னல் வழியாகக் கார் விளக்கு சுவரில் வழுக்கிக்கொண்டு போகும். விடியற்காலை செம்பனைக் குலை ஏற்றிய லோரி போகும்போது தரை அதிரும். பறவை இருட்டில் எங்கே பறக்கிறோம் என்று தெரியாமல் கம்பியில் மோதும், முள்ளிறகு முறிவது பெரும்பாலும் அப்போதுதான். அதனால் மிக மங்கலான இரவு விளக்கு ஒன்றைப் போட்டு வையுங்கள். கூண்டை மெல்லிய பருத்தித் துணியால் மூன்று பக்கம் மூடி, சுவர்ப் பக்கமோ உங்களுக்குத் தெரியும் பக்கமோ திறந்து விடுங்கள். நம் ஊர் சூட்டுக்குப் போர்வை வேண்டாம். படபடப்பு கேட்டால் கையை உள்ளே விடாமல், விளக்கைப் போட்டு, தாழ்ந்த குரலில் பேசுங்கள். விடிந்ததும் குச்சியிலும் தட்டிலும் இரத்தத் துளி இருக்கிறதா என்று பாருங்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் அதற்கு வேண்டும். ஹாலில் நடு இரவு வரை டிவி ஓடினால் சாயங்காலமே பின் அறைக்கு மாற்றிவிடுங்கள். தீபாவளி, சீனப் பெருநாள் வெடிச் சத்தத்துக்கு முன்னாலேயே உள் அறையைத் தயார் செய்து வையுங்கள்.

புகையையும் சொல்லிவிடுகிறேன். பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகள் சேர்ந்திருக்கும், நாம் இழுப்பதை விட நன்றாகக் காற்றை உறிஞ்சும், நஞ்சையும் அப்படியே உறிஞ்சும். ஒட்டாத பூச்சுப் போட்ட சட்டி அடுப்பில் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் ஆவி பட்ஜியைச் சில நிமிடத்தில் கொன்றுவிடும். கூண்டு சமையலறைக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது. கொசுவர்த்தி, பூச்சி மருந்து ஸ்பிரே அந்த அறையில் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது பறவையை வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். டெங்கி புகை அடிக்க வருகிறார்கள் என்றால் வேறு தாமானில் இருக்கும் உறவினர் வீட்டுக்கே கொண்டுபோய்விடுங்கள். 2015 புகைமூட்டத்தின்போது பள்ளிகளையே மூடினார்களே, அந்த மாதிரி நாட்களில் ஜன்னல் சாத்திய அறைக்குள்தான் இருக்க வேண்டும்.

இனி, எப்போது உண்மையிலேயே பயப்பட வேண்டும் என்பது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பச்சைப் பறவை, உங்களுடையது போலவே, உதிர்த்துக்கொண்டிருந்தது. உப்பிப்போய் உட்கார்ந்திருந்தது. உதிர்வுக் காலம், அப்படித்தான் இருக்கும் என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலை தரையில் கிடந்தது. அந்த இரண்டு நாளும் அதன் வால், மூச்சுக்கு மூச்சு மேலும் கீழும் ஆடியதை நான் பார்த்தேன், பார்த்தும் அதன் பொருள் எனக்கு அப்போது தெரியவில்லை. பட்ஜி நோயை மறைக்கும். கூட்டத்தில் சோர்ந்து தெரிந்தால் வேட்டைக்காரனுக்கு அடையாளம் காட்டியது மாதிரி, அதனால் முடிந்தவரை நடிக்கும். நமக்குத் தெரிய ஆரம்பிக்கும்போதே நோய் முற்றியிருக்கும்.

உதிர்க்கும் பறவை சோர்ந்தாலும் சாப்பிடும், எச்சம் போடும், பக்கத்தில் போனால் கண் திறந்து விழிக்கும். நாள் முழுக்க உப்பி, இரண்டு காலையும் ஊன்றித் தூங்கிக்கொண்டு, தரையில் இறங்கி உட்கார்ந்து, உட்கார்ந்த இடத்தில் வால் ஆடினால், வாய் திறந்து மூச்சு விட்டால், அன்றைக்கே மருத்துவர். எச்சம் கரும்பச்சையும் நடுவில் வெள்ளையுமாகக் கெட்டியாக இருக்க வேண்டும். கீரை தின்ற நாளில் கொஞ்சம் தண்ணீராகப் போவது பரவாயில்லை. இரத்தம், கருப்பு, பச்சைத் தண்ணீர், அல்லது எச்சமே இல்லாமல் இருப்பது ஆபத்து. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாத பட்ஜிக்கு மறுநாள் நிச்சயமில்லை. சமையலறைத் தராசு ஒரு கிராம் காட்டுமென்றால், பழகிய பிறகு வாரம் ஒரு தடவை நிறுத்து எழுதி வையுங்கள். 35 கிராம் பறவை மூன்று நான்கு கிராம் குறைந்தால் அதுவே பெரிய சேதி.

இறகிலும் ஒரு வித்தியாசம் உண்டு. உதிர்வில் தோல் வெறுமையாகத் தெரியாது, எங்கே விழுந்ததோ அங்கே முள் வந்துவிடும். மொட்டைத் திட்டு, சுருண்ட இறகு, அடியில் இரத்தம் காய்ந்த இறகு விழுவது, பறக்கும் சிறகும் வாலும் மொத்தமாக விழுந்து தரையில் ஓடிக்கொண்டே இருப்பது, இவை வேறு. கடைசியாகச் சொன்னது குஞ்சுகளுக்கு வரும் வைரஸ் நோயாக இருக்கலாம், பாலியோமா வைரஸும் சர்க்கோவைரஸும் அப்படிச் செய்யும். அலகிலும் மூக்குச் சதையிலும் தேன்கூடு மாதிரிப் பொருக்கு வந்தால் அது முகச் சிரங்கு உண்ணி, மருத்துவர் சொட்டு மருந்தில் குணமாகும், கடை ஸ்பிரே வேண்டாம். சிவப்பு உண்ணி சந்தேகமென்றால் இரவில் வெள்ளைத் துணியால் மூடி, விடியற்காலை துணியின் மடிப்பில் சிவப்புப் புள்ளி ஊர்கிறதா என்று பாருங்கள். என்னைப் போல இறக்கையை விரித்துப் பார்க்க வேண்டியதில்லை.

எல்லாக் கால்நடை மருத்துவரும் பறவை பார்ப்பதில்லை. நாய் பூனையோடு நிறுத்திக்கொள்பவர்களே அதிகம். இன்றைக்கே ஈப்போவில் இரண்டு மூன்று கிளினிக்குக்குப் போன் செய்து ‘பட்ஜி பார்ப்பீர்களா, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா’ என்று கேட்டு எண்ணை எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டி வையுங்கள். அவசரத்தில் தேடினால் கிடைக்காது.

வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால், உதிர்வுக் காலத்துப் பொடி அவர்களுக்கு ஆகாது. தட்டுக் காகிதத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுச் சுருட்டி எடுங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு கை கழுவுங்கள். பறவையிடமிருந்து மனிதருக்கு வரும் காய்ச்சல் ஒன்று உண்டு. பறவைக்குச் சோர்வும் சளியும் இருக்கும்போது வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் இருமலும் வந்தால், வீட்டில் பட்ஜி இருப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஜோடி வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். பகலெல்லாம் வீட்டில் ஆளில்லை என்றால் ஜோடி நல்லது, தலை முள்ளையும் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் இப்போது வேண்டாம். இந்த உதிர்வு முடியட்டும். அப்புறம் வாங்கினாலும் புதிதை ஒரு மாதமாவது வேறு அறையில், வேறு கூண்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நெற்றியை நேராக, பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்து வையுங்கள். கிண்ணத்து உமியை ஊதுங்கள். சாயங்காலம் அது தூங்கும் நேரத்தில், சத்தமில்லாமல் எட்ட நின்று அதன் வாலை ஒரு நிமிடம் பாருங்கள். ஆடாமல் இருந்தால் நிம்மதியாகத் தூங்கப் போங்கள். ஆடினால் எனக்கு எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள், நேராக ஈப்போவுக்குக் கிளம்புங்கள். இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் இன்னொரு படம் எடுத்து இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள், கோடு எவ்வளவு தூரம் பின்னால் போயிருக்கிறது என்று பார்த்து வயதைச் சொல்கிறேன்.